வளைஞ்ச வாலு, ரெண்டு கலர் கண்ணு, ஆடுற தலை: தெருப்பூனை வளர்க்கிறவங்க கேட்ட கேள்விகள்

இந்த மாசம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தெருவுல இருந்து எடுத்துட்டு வந்த பூனைங்களைப் பத்திதான். கடையில காசு குடுத்து வாங்குன பூனைக்கு ஜாதகம் மாதிரி எல்லாமே தெரியும், தெருப்பூனைக்கு அம்மா யாரு, என்ன சாப்பிட்டுச்சு, எதுல அடிபட்டுச்சு, எதுவும் தெரியாது, அதனால உடம்புல எதைப் பார்த்தாலும் பயம் வருது, அது நியாயமான பயம்தான். நான் 22 வருஷமா பூனைங்களைப் பார்த்துட்டு இருக்கேன், முதல்ல கேக்குற கேள்வி எப்பவும் ஒண்ணுதான்: இது வீட்டுக்கு வந்தப்பவே இருந்துச்சா, இல்ல இப்ப புதுசா வந்துச்சா? வந்தப்பவே இருந்து, அப்படியே மாறாம இருந்தா பெரும்பாலும் அது அங்க அடையாளம். நேத்து வரைக்கும் இல்லாதது இன்னிக்கு இருந்தா, அப்பதான் நீங்க வண்டியை எடுக்கணும்.

டாக்டர், எங்க மார்க்கெட் வாசல்ல இருந்து எடுத்த குட்டிக்கு வாலு நுனியில கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. யாரோ கதவுல நசுக்கிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. நிமிர்த்த முடியுமா? (வாசகி, திருச்சி)

நிமிர்த்தப் பார்க்காதீங்கம்மா, எண்ணெய் போட்டு நீவவும் வேண்டாம். வாலு எலும்புங்க சின்னச் சின்ன துண்டா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும், அதுல ஒண்ணு ரெண்டு துண்டு பிறவியிலேயே ஆப்பு மாதிரி கோணலா உருவாகிட்டா வாலு அந்த இடத்துல மடங்கிடும். நம்ம ஊர்ப் பக்கமும் இன்னும் கிழக்கேயும் இது ரொம்ப சாதாரணம். 1868-லயே டார்வின் எழுதியிருக்கார், மலாய் தீவுகள், சயாம், பர்மா பக்கத்துப் பூனைங்களுக்கு வாலு பாதி நீளம்தான், நுனியில முடிச்சு மாதிரி இருக்குன்னு. யாரும் கதவுல நசுக்கலை.

மெதுவா தடவிப் பாருங்க. வலிக்காம, சூடு வீக்கம் இல்லாம, வாலை ஆட்டிட்டு இருந்தா விட்டுடுங்க. ஆனா நல்லா இருந்த வாலு திடீர்னு கயிறு மாதிரி தொங்குது, சிறுநீர் சொட்டுதுன்னா வேற விஷயம், வாலை யாராவது பிடிச்சு இழுத்திருக்கலாம், வண்டி ஏறியிருக்கலாம், மூத்திரப்பைக்குப் போற நரம்பும் சேர்ந்து அடிபட்டிருக்கும், அன்னிக்கே காட்டணும். அதே மாதிரி வாலே இல்லாத குட்டி, பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து முயல் மாதிரி தாவுது, எங்க உக்காந்தாலும் கக்கா ஒட்டியிருக்குன்னா தண்டுவடத்துல பிறவிக் குறை இருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.

எங்க வெள்ளைப் பூனைக்கு ஒரு கண்ணு நீலம், ஒரு கண்ணு மஞ்சள். கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குது, திமிர்னு என் வீட்டுக்காரர் சொல்றார். காது நுனி வேற கொஞ்ச நாளா செவந்து பொருக்கு தட்டுது. (வாசகி, மதுரை)

திமிர் இல்லம்மா, பாவம், அதுக்குக் காது கேக்காம இருக்கலாம். முடியை வெள்ளையாக்குற அந்த ஜீன், நிறம் குடுக்குற செல்களை உடம்பு முழுக்க போய்ச் சேர விடாது, அதே வகை செல்லுங்க உள்காதுலயும் வேணும், அது அங்க இல்லேன்னா பிறந்த சில வாரத்துலயே கேட்கும் திறன் போயிடும். ரெண்டு கண்ணும் நீலமா இருக்குற வெள்ளைப் பூனைங்கள்ல 65-ல இருந்து 85 சதவீதம் வரைக்கும் செவிடு, ஒரு கண்ணு மட்டும் நீலம்னா சுமார் 40 சதவீதம், அதுலயும் பெரும்பாலும் நீலக்கண்ணு இருக்குற பக்கத்துக் காதுதான் கேக்காது.

வீட்டுலயே சோதிக்கலாம். அது தூங்கும்போது பின்னாடி இருந்து, காத்து அடிக்காத தூரத்துல நின்னு சாவிக்கொத்தைக் குலுக்குங்க, காதுமடல் துளிகூட அசையலேன்னா கேக்கலை. கை தட்டாதீங்க, காத்து அதிர்வு மீசைக்குப் போயிடும், கேட்ட மாதிரியே திரும்பும். ஒரு காது கேக்குற பூனைக்கு சத்தம் வரும், எந்தப் பக்கம்னுதான் புரியாது, சுத்திச் சுத்திப் பார்க்கும். செவிட்டுப் பூனை நல்லா வாழும், தெருவுல மட்டும் விடக்கூடாது, ஹாரன் கேக்காது. கூப்பிடறதுக்கு டார்ச் லைட்டை ஒரு தடவை அணைச்சுப் போட்டு காட்டுங்க, பத்து நாள்ல பழகிடும்.

உங்க கடிதத்துல எனக்குக் கவலை தர்றது அந்தக் காது நுனிதான். நிறமில்லாத தோல், மதுரை வெயில். வெள்ளைக் காதும், ரோஸ் மூக்கும் வருஷக்கணக்கா வெயில்ல வெந்தா அங்க தோல் புற்றுநோய் வரும், ஆரம்பத்துல இப்படித்தான், செவப்பு, பொருக்கு, ஆறாத சின்னப் புண், சண்டையில கீறிடுச்சுன்னு எல்லாரும் விட்டுடுவாங்க. மூணு வாரத்துக்கு மேல ஆறாத பொருக்குன்னா காட்டுங்க. சீக்கிரம் வந்தா காது நுனியை மட்டும் எடுத்துட்டு பூனையைக் காப்பாத்திடலாம். பத்து மணில இருந்து நாலு மணி வரைக்கும் மாடிக்கும் ஜன்னல் வெயிலுக்கும் விடாதீங்க. நாம போடற சன்ஸ்கிரீனைத் தடவாதீங்க, நக்கிடும், அதுல இருக்குற சில சரக்கு பூனைக்கு ஆகாது.

குப்பைத்தொட்டி பக்கத்துல கிடைச்ச குட்டி, இப்ப ரெண்டு மாசம் இருக்கும். நடக்கும்போது குடிச்சவன் மாதிரி தள்ளாடுது, சாப்பாட்டுத் தட்டு கிட்ட போகும்போது தலை ரொம்ப ஆடுது. கஷ்டப்படுது, கருணைக்கொலை பண்ணிடலாம்னு ஒருத்தர் சொன்னார். எனக்கு ராத்திரி தூக்கமே வரலை. (வாசகர், கோயம்புத்தூர்)

தம்பி, ஊசி போட வேண்டாம், முதல்ல இதைப் படிங்க. நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா இது சிறுமூளை சரியா வளராம பிறந்த குட்டி. தாய்ப்பூனை சினையா இருக்கும்போது பான்லுகோபீனியான்னு ஒரு வைரஸ், அதுதான் பூனைங்களுக்கு வர்ற பார்வோ, அது தாக்கினா வயித்துல இருக்குற குட்டியோட சிறுமூளையைத் தின்னுடும். சிறுமூளைதான் உடம்போட பேலன்ஸ், அளவு பார்த்து அடி வைக்கிறது எல்லாத்துக்கும் பொறுப்பு. மத்த மூளை முழுசா நல்லா இருக்கும். வலி கிடையாது, மத்த பூனைக்கும் இது தொத்தாது, வயசு ஆக ஆக மோசமாகவும் ஆகாது, நிறைய குட்டிங்க உடம்பைச் சமாளிக்கக் கத்துக்கிட்டு முன்னைவிட நல்லாவே நடக்கும்.

இதுதானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நடக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்தே இருக்கணும். தூங்கும்போது நடுக்கம் சுத்தமா நிக்கணும். எதையாவது குறி வச்சு போகும்போது, தட்டு, பொம்மை, அப்ப அதிகமாகணும். சாப்பாட்டுல ஆர்வம், கண்ணுல தெளிவு இருக்கணும். இப்படி இல்லாம, நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்த குட்டி இன்னிக்கு தள்ளாடுது, தலை ஒரு பக்கமாவே சாயுதுன்னா காதுக்குள்ள சீழ், அடி, விஷம் எதுவா வேணா இருக்கலாம், அது அவசரம். நரம்பு பரிசோதனை தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டி உறுதி பண்ணிக்கோங்க.

எங்க கிளினிக்லயே இப்படி ஒண்ணு ஒன்பது வருஷமா இருக்கு, பேரு தம்பு. வழவழ டைல்ஸ்ல நாலு காலும் நாலு பக்கம் போகும், கோணிச்சாக்கை விரிச்சுப் போட்டோம், அதுல நகத்தை ஊன்றி ஜம்முனு நடக்குது. தட்டைக் கொஞ்சம் உயரத்துல, கனமான பீங்கான்ல வைங்க, இல்லேன்னா தலை மோதி கவுந்துடும். மணல் ட்ரேக்கு சுவர் உயரமா, வாசல் தாழ்வா, சாஞ்சுக்கிட்டே போய்க்கும். கிணத்தடி, மொட்டைமாடி, படிக்கட்டு இந்த மூணையும் அடைச்சுடுங்க. இன்னொண்ணு, சினைப் பூனைக்கும் நாலு வாரம் ஆகாத குட்டிக்கும் இந்த வைரஸோட உயிருள்ள தடுப்பூசியைப் போடக்கூடாது, அதுவே இதே பாதிப்பைக் கொண்டுவரும். எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரைக்கும் போடலாம்.

அந்தக் குட்டியை எடுத்ததுக்கு உங்களுக்கு என் நன்றி. நல்லா தூங்குங்க.

எங்க கடுவன் பூனை ரெண்டு நாளா மணல் ட்ரேயில போய் உக்காந்து முக்குது, ஒண்ணும் வரலை, கத்துது. மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் குடுத்தோம்... (வாசகி, ஈரோடு)

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் நான் போன்ல கூப்பிட்டேன், அவங்க அன்னிக்கே ஓடினாங்க, டியூப் போட்டு சிறுநீரை வெளியே எடுத்தாச்சு, பூனை பிழைச்சுடுச்சு. மத்தவங்களுக்காக எழுதறேன். ஆண் பூனைக்கு சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகலு, படிகமும் சளியும் சேர்ந்து அடைச்சுக்கும், மூத்திரப்பை கல்லு மாதிரி ஆயிடும், ரத்தத்துல பொட்டாசியம் ஏறும், இதயம் நின்னுடும். ஒண்ணு ரெண்டு நாள்தான் டைம். ஆண் பூனை முக்குது, ஒரு சொட்டும் வரலைன்னா மலச்சிக்கல்னு நினைக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்புங்க. பத்திரிகைக்குக் கடிதம் எழுதி பதிலுக்குக் காத்திருக்காதீங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். அப்புறம் அடைப்பு திரும்ப வராம இருக்க, காஞ்ச தீனியைக் குறைச்சு ஈரமான சாப்பாடு, வீட்டுல ரெண்டு மூணு இடத்துல தண்ணி.

நாங்க சுத்த சைவம். நாலு வயசுப் பூனை, குட்டியில இருந்து தயிர்சாதமும் பாலும்தான், நல்லா சாப்பிடும். இப்ப கொஞ்ச நாளா சாயங்காலம் ஆனா நாற்காலில முட்டிக்குது, கண்ணு பாப்பா வெளிச்சத்துலயும் பெருசாவே இருக்கு. கண்ணுல சொட்டு மருந்து ஏதாவது சொல்லுங்க. (வாசகி, கும்பகோணம்)

இதுக்கு சொட்டு மருந்து இல்லம்மா, இது தட்டுல இருந்து வந்தது. உங்களைக் குத்தம் சொல்லலை, நம்ம ஊர்ல எத்தனையோ வீட்டுல பூனைக்கு பால்சாதம்தான், யாரும் சொல்லித் தர்றதில்ல, நீங்க அன்பாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா டாரின்னு ஒரு சத்து இருக்கு, நாயும் மனுஷனும் உடம்புக்குள்ளயே போதுமான அளவு தயாரிச்சுப்போம், பூனையால அது முடியாது, கறி மீன்ல இருந்துதான் வரணும். அரிசியில கிடையாது, பால் தயிர்ல இருக்குறது பத்தவே பத்தாது. அது குறைஞ்சா மாசக்கணக்குல சத்தமில்லாம கண்ணோட விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து பலூன் மாதிரி விரியும். 1987-ல கலிஃபோர்னியாவுல கண்டுபிடிச்சாங்க, இதயம் விரிஞ்சு சாகுற நிலைமையில இருந்த பூனைங்களுக்கு டாரின் குடுத்தா இதயம் திரும்பத் தேறுதுன்னு, அதுக்கப்புறம்தான் கம்பெனி தீனிகள்ல டாரின் அளவைக் கூட்டினாங்க.

கண்ணுல போனது திரும்பாது, இதை மறைக்க எனக்கு மனசு வரலை. ஆனா மிச்சம் இருக்குற பார்வையையும் இதயத்தையும் காப்பாத்தலாம். இந்த வாரமே விழித்திரையும் இதயமும் பார்க்கச் சொல்லுங்க, எக்கோ வேணும்னு கேளுங்க. பக்கத்துல வசதி இல்லேன்னா ஒரத்தநாடு வெட்டர்னரி காலேஜுக்குப் போகலாம். ரத்த அழுத்தமும் பார்க்கட்டும், அதனாலயும் பார்வை போகும்.

வீட்டுல கறி சமைக்க முடியாதுங்கறது எனக்குப் புரியுது. பூனைக்குன்னு விக்கிற தீனி பாக்கெட் வாங்கிப் போடுங்க, நாய்த் தீனி வேண்டாம், அதுல பூனைக்கு வேண்டிய டாரின் இருக்கும்னு நம்ப முடியாது. அசைவ வீட்டுக்காரங்களுக்கும் சொல்லிடறேன், கறியை வேக வச்சா டாரின் தண்ணியில இறங்கிடும், அந்தத் தண்ணியைக் கொட்டாம சேர்த்துப் பிசைஞ்சு போடுங்க. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பைப் போடாதீங்க, பூனையோட சிவப்பணுக்களை உடைச்சுடும்.

குட்டிக்கு ஒரு கண்ணுல மட்டும் எப்பவும் தண்ணி, தும்மல். மருந்து போட்டா சரியாகுது, ஊருக்குப் போய்ட்டு வந்தா திரும்ப வருது. தாய்ப்பால் விடச் சொல்றாங்க. காய்ச்சல் மாதிரி இருந்துச்சுன்னு குழந்தையோட சிரப்பும் கொஞ்சம் குடுக்கலாமான்னு யோசிச்சோம். (வாசகர், நாகர்கோவில்)

சிரப்பைத் தூக்கி அலமாரியில வச்சுப் பூட்டுங்க, முதல் வேலை அதுதான். பாரசிட்டமால் பூனைக்கு விஷம், அரை மாத்திரையே கொன்னுடும், அதை உடைச்சு வெளியேத்துற சக்தி அதோட ஈரலுக்குக் கிடையாது, ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்க முடியாம ஈறு பழுப்பா போயிடும், மூஞ்சி வீங்கும். பூனைக்கு இயல்பான சூடே 100.5-ல இருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கைக்கு எப்பவும் சூடாத்தான் தெரியும்.

கண்ணுக்கு வர்றேன். இது பெரும்பாலும் பூனை ஹெர்ப்பிஸ் வைரஸ், தெருக்குட்டிகள்ல நிறையவே உண்டு, மனுஷனுக்கு ஒட்டாது. ஒரு தடவை வந்தா நரம்புக்குள்ள படுத்துக்கும், நீங்க ஊருக்குப் போனா, வீட்டுக்குப் புதுப்பூனை வந்தா, பூனைக்கு மனசு கலங்கும், அப்ப எழுந்து வரும். தண்ணி மாதிரி வந்தா வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சுட்டு, நல்லா சாப்பிட வைங்க. மஞ்சளா பச்சையா வந்தா, கண்ணை இடுக்கினா, கருவிழி மேல மேகம் படிஞ்சா உடனே டாக்டர். தாய்ப்பால், தேன், இளநீர் எதுவும் வேண்டாம். வீட்டுல மிச்சம் இருக்குற மனுஷக் கண்ணு மருந்தை விட்டுடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்து உள்ள புண்ணும் இருந்துச்சுன்னா கண்ணே போயிடும், நான் பார்த்து வருத்தப்பட்ட கேஸ்ங்க நிறைய.

மருமக மாசமா இருக்கா, பூனையை எங்கயாவது விட்டுடுன்னு சம்பந்தி வீட்டுல சொல்றாங்க. எட்டு வருஷமா வளர்த்த பூனை. (வாசகி, சேலம்)

விட வேண்டாம்மா. அவங்க பயப்படறது டாக்ஸோபிளாஸ்மாவுக்கு, பூனைக் கக்கா வழியாவும் பரவுற, வயித்துல இருக்குற குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒரு கிருமி அது. பூனை அந்தக் கிருமியை முதல் தடவை தொத்தும்போது ஒண்ணு ரெண்டு வாரம்தான் கக்காவுல வெளியேத்தும், வெளிய வந்த முட்டை ஒட்டுற நிலைக்கு வர ஒரு நாள்ல இருந்து அஞ்சு நாள் ஆகும். அப்ப ட்ரேயை தினமும் சுத்தம் பண்ணினா பாதி வேலை முடிஞ்சுது, அதை மருமக பண்ண வேண்டாம், உங்க மகனோ நீங்களோ பண்ணுங்க, கை கழுவுங்க. பூனைக்குப் பச்சைக்கறி போடாதீங்க, எலி பிடிக்க வெளிய விடாதீங்க. பூனையைத் தொட்டு வர்றதைவிட அரைவேக்காட்டுக் கறி, சரியா கழுவாத கீரை, தோட்டத்து மண்ணு வழியா வர்ற வாய்ப்புதான் அதிகம், அதையும் பாருங்க. பிரசவ டாக்டர்கிட்ட வீட்டுல பூனை இருக்குன்னு சொல்லி ரத்தப் பரிசோதனை வேணுமான்னு கேளுங்க.

கடிச்சாலோ ரத்தம் வர்ற மாதிரி கீறினாலோ மட்டும் அசால்ட்டா இருக்காதீங்க, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி கேளுங்க, மாசமா இருக்குறவங்களும் போட்டுக்கலாம்.

சின்னக் கேள்விகள் சில, சேர்த்தே எழுதிடறேன்.

அடிவயிறு பை மாதிரி தொங்குது, சினையான்னு வேலூர்ல இருந்து ஒருத்தர். கருத்தடை ஆபரேஷன் ஆன பூனைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அது வெறும் தோல் மடிப்பு, எல்லாப் பூனைக்கும் உண்டு, ஓடும்போது ஆடும். ஆனா வயிறு முழுக்க உருண்டையா உப்பி முதுகெலும்பு தெரியுதுன்னா குடல்புழுவோ வயித்துல நீரோ, காட்டுங்க.

ஆரஞ்சுப் பூனைக்கு உதட்டுலயும் மூக்குலயும் கறுப்புப் புள்ளி வருதாம், தஞ்சாவூர். தட்டையா மச்சம் மாதிரி இருந்தா பயமே வேண்டாம், அந்த நிறத்துப் பூனைக்கு வயசு ஏற ஏற வரும். மேடா, வேகமா பெருசாகுற ஒரே புள்ளின்னா காட்டணும்.

மூணு கலர் பூனை ஆணா இருக்கு, இது சாத்தியமான்னு ஒரு காலேஜ் மாணவி. சாத்தியம், சுமார் 3000-ல ஒண்ணு. ஆரஞ்சு நிறத்தோட ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, அது எந்த ஜீன்னு 2025-லதான் ஜப்பான்லயும் அமெரிக்காவுலயும் தனித்தனியா ரெண்டு குழு வெளியிட்டாங்க. கறுப்பும் ஆரஞ்சும் சேர்ந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் வேணும், உங்க பையனுக்கு பெரும்பாலும் ரெண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கும். குட்டி போட வைக்க முடியாது, மத்தபடி வழக்கமான பராமரிப்புதான்.

கண்ணோட ஓரத்துல வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடுதுன்னு தூத்துக்குடி. அது மூணாவது இமை, எல்லாப் பூனைக்கும் உள்ள இருக்கும். தூக்கத்துல தெரியலாம், முழிச்சிருக்கும்போது ரெண்டு கண்ணுலயும் தெரிஞ்சா உடம்புல தண்ணி குறைஞ்சிருக்கு, இல்ல புழு, இல்ல காய்ச்சல்.

உண்ணிக்கு நாய் மேல ஊத்துற சொட்டு மருந்தைப் பூனைக்கும் ஊத்தலாமான்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. கூடவே கூடாது. அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்தா பூனை வலிப்பு வந்து செத்துடும். நாய்க்குப் போட்டிருந்தாலும் அது காயுற வரைக்கும் பூனையைப் பக்கத்துல படுக்க விடாதீங்க.

தோட்டத்துல குப்பைமேனிச் செடியைப் பிடுங்கினா எங்க பூனை ஓடி வந்து வேர் மேல உருளுது, எச்சில் ஒழுகுது. விஷமா? (வாசகர், திண்டுக்கல்)

விஷம் இல்ல, மயக்கம். இந்தச் செடிக்கு நம்ம பெரியவங்க பூனைவணங்கின்னே பேரு வச்சிருக்காங்க, அந்த வேரோட வாசனை பூனையைக் கிறங்கடிக்கும், மேல்நாட்டுல கேட்னிப்னு ஒரு செடியை இதுக்குத்தான் விக்கிறாங்க. கொஞ்ச நேரம் உருண்டுட்டுத் தானா எழுந்து போயிடும். மருந்து தெளிச்ச இடத்துச் செடியா மட்டும் இருக்கக்கூடாது. வேர் எதுவும் இல்லாத நேரத்துலயும் எச்சில் ஒழுகுது, வாய் நாறுது, சாப்பிட வந்துட்டு கத்திட்டு ஓடுதுன்னா ஈறு முழுக்கப் புண்ணாகிற நோய் இருக்கலாம், தெருவுல வளர்ந்த பூனைங்கள்ல அடிக்கடி பார்க்கறேன், சில பூனைக்கு பல்லை எடுத்தாத்தான் வலி தீரும், எடுத்தப்புறம் அதுங்க சாப்பிடற சாப்பாட்டைப் பார்த்தா உங்களுக்கு நம்பிக்கையே வராது.

கருத்தடை ஆபரேஷனுக்கு வயித்துல ஷேவ் பண்ணாங்க, எங்க பூனைக்கு உடம்பு வெளுப்பு, காதும் வாலும் மட்டும் கறுப்பு, இப்ப ஷேவ் பண்ண இடத்துல முடி கறுப்பா வளருது. தையல்ல ஏதாவது ஆயிடுச்சா? (வாசகி, காரைக்குடி)

தையல்ல ஒண்ணும் இல்ல. சயாமீஸ்ங்கிற ஜாதிப் பூனையோட ரத்தம் கலந்த பூனைங்களுக்கு நிறம் குடுக்குற என்சைம் குளிர்ச்சியான இடத்துலதான் வேலை செய்யும், அதனாலதான் காது, மூக்கு, கால், வாலு மட்டும் கறுப்பு, சூடான வயிறு வெளுப்பு. முடியை எடுத்ததும் அந்த இடம் குளிர்ந்துடுச்சு, வர்ற முடி கறுப்பா வருது. அடுத்த தடவை முடி கொட்டி முளைக்கும்போது பழைய வெளுப்பே வந்துடும், சில மாசம் ஆகும்.